இத்தாலிக்குக் குடும்பத்தோடு: பயணத் திட்டத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

நட்டாலத்தில் பிறந்த மறைசாட்சி தேவசகாயம் 2022 மே 15 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டார். குமரி மாவட்டத்திலிருந்து இத்தாலிக்குக் கிளம்பும் குடும்பம் ரோமை முதலில் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால், இவ்வளவு செலவழித்துப் போகிறோமே என்று புளோரன்ஸ், வெனிஸ், மிலான் என ஊர்களை அடுக்கத் தொடங்கும்போதுதான் தவறும் தொடங்குகிறது.

அதிவேக ரயிலில் ரோமிலிருந்து புளோரன்சுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிசுக்கு இரண்டு மணி நேரம் என்பதைப் பார்த்து, ஊர் மாறுவது எளிது என்று கணக்குப் போடுகிறார்கள். காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளையும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் நிலையத்துக்குச் சேர்த்து, இறங்கிய ஊரில் பிற்பகல் அறை கிடைக்கும்வரை காத்திருப்பதில் அரை நாள் போய்விடும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. எட்டு நாளில் நான்கு ஊர் என்றால், வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கழிந்து, மூன்று இடமாற்றங்களுக்கு ஒன்றரை நாள் போக, பார்ப்பதற்கு மிஞ்சுவது நாலரை நாள்தான். மூத்தவர்கள் உடன் வந்தால் இரண்டு ஊர், மிஞ்சினால் மூன்று போதும் என்பதே என் கருத்து. ரோமில் இறங்கி, கடைசி ஊரான வெனிசிலிருந்தோ மிலானிலிருந்தோ விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தால், திரும்பவும் ரோமுக்கு வரும் வீண் பயணமும் மிச்சமாகும்.

ஊர்களின் வரிசையைக் கிழமை பார்த்து வகுக்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள் என்றாலும், அன்றைய வரிசையில் குழந்தைகளோடு நிற்பதைவிடப் பணம் கொடுத்து வேறொரு நாள் போவதே மேல். புளோரன்சின் உஃபீசி ஓவியக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா கலைக்கூடமும் திங்கட்கிழமை விடுமுறை. மிலானில் டா வின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்துக்கும் திங்கள் விடுமுறையே. ஒவ்வொரு குழுவுக்கும் 15 நிமிடம்தான் தருவார்கள் என்பதால் முன்பதிவு இல்லாமல் போனால் பார்க்க முடியாமல் போகலாம். கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். இனிஷியலோடு பெயர் எழுதிப் பழகிய நாம், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியுள்ளபடியே பதிய வேண்டும்.

விசாவில் நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தந்தை வளைகுடாவிலும், தாயும் பிள்ளைகளும் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் வீடுகளில், எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே விண்ணப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு அவரவர் சட்டப்படி குடியிருக்கும் நாட்டில் விண்ணப்பிப்பதே பொது விதி. எனவே தந்தை அங்கேயும் மற்றவர்கள் இங்கேயும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் தாயோடு மட்டும் விண்ணப்பிக்கும்போது தந்தையின் எழுத்துமூலமான சம்மதமும் தேவைப்படும். பாஸ்போர்ட், ஷெங்கன் நாடுகளிலிருந்து திரும்பும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்றிருக்க, பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று ஏப்ரல் வரை தள்ளிப்போட்டு, மே மாதப் பயணத்தை விசாவுக்காகக் காத்துக் கோட்டைவிடுவது அவசியமில்லாத இழப்பு.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்கு ஒன்று, அங்கிருந்து ரோமுக்கு வேறொன்று என விலை மலிவைப் பார்த்துத் தனித்தனி டிக்கெட் எடுப்பதும் ஆபத்தானது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை. பெட்டியை இடையில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

வெனிசுக்கு டிக்கெட் எடுக்கும்போது நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள். மெஸ்த்ரே என்பது கரையோரப் பெருநிலத்தில் இருப்பது. கால்வாய்கள் இருக்கும் பழைய நகரத்தின் நிலையம் சாந்தா லூச்சியா. அங்கே கார், ஆட்டோ எதுவும் கிடையாது. பாலங்களில் பெரும்பாலும் படிகள் உண்டு. முழங்கால் வலியுள்ள தாயாரோடு பெரிய பெட்டிகளையும் அந்தப் படிகளில் ஏற்றி இறக்குவதைத் தவிர்க்க, படகுத் துறையை ஒட்டிய விடுதியாகப் பார்ப்பது நல்லது. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தவர்கள், ஏறுமுன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை பதிக்க மறந்தால் அபராதம் கட்ட நேரும்.

பேராலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரைக்கால் சட்டை போட்ட பையன்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

உணவைப் பொறுத்தவரை, இறைச்சியையும் பால் பொருள்களையும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. மாட்டிறைச்சி வறுவலும் பால்கோவாவும் சுங்கத்தில் பறிபோகும். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்சும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. அங்கே பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூடி, இரவு ஏழு மணியளவில்தான் மறுபடி திறக்கும் என்பதால், இந்தத் தின்பண்டங்களைப் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.