ஏபிஎஸ் கைப்பிடியில் குரோம் பூச்சு ஒரே இடத்தில் கொப்பளித்தது ஏன்?

ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த தண்ணீர்க் குழாய்க் கைப்பிடிகளின் குரோம் பூச்சு, தொட்டியிலிருந்து எடுக்கும்போது கண்ணாடிபோல் மின்னியது. சூட்டுச் சோதனைக்குப் பிறகு அரிசி அளவுக்குக் கொப்பளித்தது. பூசுவதற்கு முன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அரித்து நுண்குழிகள் உண்டாக்கும் எட்சிங் கரைசல்மீதுதான் முதலில் சந்தேகம் எழுந்தது. குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் லிட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் வீதம் இருக்கின்றனவா, வெப்பம் 68 டிகிரியில் நிற்கிறதா என்று சரிபார்த்தேன். முக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். உலோகம் படியத் தொடங்க உதவும் பலேடியம் கரைசலையும் மாற்றினேன். பயனில்லை.

கழித்த கைப்பிடிகளை வரிசையாக அடுக்கியபோதுதான், கொப்புளங்கள் எல்லாம் அச்சுக்குள் பிளாஸ்டிக் நுழையும் 'கேட்' பகுதியைச் சுற்றியே இருப்பது தெரிந்தது. கரைசல் காரணமென்றால் கொப்புளம் இப்படி இடம் பார்த்து வராது. பூசாத கைப்பிடி ஒன்றை நீர் கலக்காத அசிட்டிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கி, கழுவி, உலர்த்தினேன். அந்தப் பகுதி மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது உள் இறுக்கத்தின், அதாவது வார்க்கும்போது பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிடும் விசையின், அடையாளம். எட்சிங்கில், ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் ரப்பர் துகள்கள் கரைந்து விட்டுச்செல்லும் நுண்குழிகளில்தான் உலோகம் பிடித்துக்கொள்கிறது. இறுக்கமான இடத்தில் அத்துகள்கள் நீண்டு நசுங்கிக் கிடப்பதால் குழி சரியாக விழுவதில்லை.

வார்ப்பவரிடம் சொல்லி, பிளாஸ்டிக்கைச் செலுத்தும் வேகத்தைக் குறைத்து, அச்சின் வெப்பத்தைக் கூட்டி, வார்ப்பதற்கான பிளாஸ்டிக் குருணையை 80 டிகிரியில் 3 மணி நேரம் உலர்த்தச் செய்தோம். புதிய கைப்பிடிகளில் வெள்ளை தோன்றவில்லை. பூச்சும் சூட்டுச் சோதனையைத் தாங்கியது. பெரிய நிம்மதி. முன்பே வார்த்தவற்றை 75 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டதில் பெரும்பாலானவை தேறின. அசிட்டிக் அமில ஆவி கண்ணையும் மூக்கையும் கடுமையாகத் தாக்கும் என்பதால், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து நல்ல காற்றோட்டத்தில் இச்சோதனையைச் செய்யுங்கள்.