தோலின் நரம்பு தண்டுவடத்தில் இணையும் கதையை வரைந்தே படிப்பது எப்படி

இந்தப் பாடத்தைப் படிக்க உட்காருபவர்களில் பலர் முதல் நாளே ஒரு தவறு செய்கிறார்கள். தண்டுவடத்தின் வெட்டுமுகப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள பத்து அடுக்குகளையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அடுக்குகளை 1952-இல் பிரோர் ரெக்ஸெட் என்ற ஆய்வாளர் பூனையின் தண்டுவடத்தைப் பார்த்துப் பிரித்தார். அது வளர்ந்து முடிந்த தண்டுவடத்தின் படம், அதனால் எந்த நரம்பிழை முதலில் வந்தது, எது வாசலில் காத்து நின்றது, எது உள்ளே போய்விட்டுத் திரும்பியது என்பதெல்லாம் அதில் தெரியாது. எனவே அதை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள், மூன்று கலர் பென்சில், மறக்காமல் ஒரு ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்டுவடத்தை ஒரு வட்டமாகப் போட்டு அதற்குள் பட்டாம்பூச்சி மாதிரி சாம்பல்நிறப் பகுதியை வரையுங்கள். தாளின் மேல்பக்கம் முதுகு, கீழ்ப்பக்கம் வயிறு. வட்டத்துக்கு வெளியே, முதுகுப் பக்கமாக ஒரு சின்ன முடிச்சு. இதுதான் டார்சல் ரூட் கேங்லியான், நம்முடைய நரம்பணுவின் வீடு. இழை தோலில் முளைத்துத் தண்டுவடத்துக்கு வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கருவில் தண்டுவடம் உருவாகும்போது அதன் முதுகோரத்தில் தோன்றும் நியூரல் கிரெஸ்ட் செல்களிலிருந்து பிறந்து இந்த முடிச்சில் தங்கும் நரம்பணு, இங்கிருந்தே ஒரு கையைத் தோலுக்கும் இன்னொன்றைத் தண்டுவடத்துக்கும் நீட்டுகிறது.

அடுத்து தாளின் ஓரத்தில் நாட்களை எழுதுங்கள். சுண்டெலிக் கருவை வைத்துப் படிப்பதுதான் வசதி, ஏனென்றால் இதில் பெரும்பகுதி அதில்தான் ஆராயப்பட்டது. ஏறக்குறைய 10-ஆம், 11-ஆம் நாளில் இழை தண்டுவடத்தின் முதுகோரத்தைத் தொடுகிறது. தொட்டவுடன் உள்ளே போவதில்லை! அங்கேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தலைப் பக்கமும் மறு கிளை வால் பக்கமும் ஓடுகிறது. தண்டுவடத்தின் முதுகுப் பக்கம் சுரக்கும் சிஎன்பி என்ற சிறு புரதமும், இழையில் அதை வாங்கிக்கொள்ளும் என்பிஆர்2 என்ற ஏற்பியும்தான் இந்தப் பிரிவுக்குக் காரணம். இந்த ஏற்பி இல்லாத எலியில் இழை பிரியாமல் ஏதோ ஒரு பக்கம் மட்டும் திரும்பிப் போய்விடுகிறது. பிரிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் காத்திருப்பு இருக்கிறது, அந்த இடைவெளியைத் தாளில் வெறுமையாகவே விடுங்கள். அப்புறம்தான் அந்த நீளக் கிளைகளிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பிச் சாம்பல்நிறப் பகுதிக்குள் நுழைகின்றன.

இப்போது கலர். தசையின் இழுப்பைச் சொல்லும் இழைகளுக்கு நீலம், இவை முதலில் நுழைந்து வயிற்றுப் பக்கம் வரை இறங்குகின்றன. இவை தோலுக்குச் சொந்தமில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடுதலைச் சொல்லும் தடித்த இழைகளுக்குப் பச்சை, மூன்றிலிருந்து ஐந்தாம் அடுக்கு வரை (அடுக்குகளை முதுகுப் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்). வலியும் சூடும் சொல்லும் மெல்லிய இழைகள் சிவப்பு, கடைசியாக வந்து மேலே முதல் இரண்டு அடுக்குகளிலேயே நின்றுகொள்கின்றன. ஏன் கீழே இறங்கவில்லை? தண்டுவடத்தின் வயிற்றுப் பாதி செமாஃபோரின் 3ஏ என்ற புரதத்தைச் சுரக்கிறது. சிவப்பு இழைகளை அது விரட்டுவதை ஆய்வகத் தட்டில் வளர்த்தே பார்த்திருக்கிறார்கள். இந்தச் சிவப்பு நரம்பணுக்கள் பிழைத்திருப்பதற்கே தோல் தரும் என்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வேண்டும். இது போன்ற வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் கிடைத்தது.

சரி, ரப்பரை எடுங்கள். பச்சையை இரண்டாம் அடுக்கு வரை, சிவப்பின் மேலேயே ஏறும்படி நீட்டி வரைந்துவிட்டு, அந்த நீட்டலை மட்டும் மெதுவாக அழியுங்கள். பிறந்த எலிக்குட்டியில் உண்மையிலேயே இதுதான் நடக்கிறது. தொடுதல் இழைகள் வலியின் இடத்துக்குள் பரவியிருந்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பின்வாங்குகின்றன. லண்டனில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு அந்த வாரங்களில் தண்டுவடத்தில் நரம்புச் சைகையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்தபோது, இந்தப் பின்வாங்கல் சரியாக நடக்கவில்லை. அதாவது நரம்பின் வேலையே நரம்பின் இடத்தைத் திருத்துகிறது. பச்சிளங்குழந்தையின் உள்ளங்காலை விரலால் லேசாகத் தொட்டால்கூட முழுக் காலையும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், இன்னும் திருத்தி முடியாத தண்டுவடத்தின் பதில் அது.

என்னை இந்தப் பாடத்தில் கட்டிப்போட்டது எலிக்குட்டியின் வால்தான். பிறந்த புதிதில் வாலின் ஒரு பக்கம் சூடு பட்டால், விலக வேண்டிய வால் பல தடவை சூட்டை நோக்கியே போகிறது. பிறகு சரியாகிவிடுகிறது, யாரும் அதைச் சுட்டுப் பழக்கவில்லை. குட்டி தூங்கும்போது வால் தானாகத் துடிக்கிறது, துடிக்கும்போது ஒரு பக்கத் தோல் எதிலாவது உரசுகிறது, எந்தத் தசை இழுத்தால் எந்தத் தோலில் உரசும் என்ற கணக்கு தண்டுவடத்தில் ஏறுகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஷூன்போர்க் குழு, துடிப்போடு சேர்த்து வாலில் காற்றை ஊதி அந்த உரசலைக் குழப்பியபோது அனிச்சைச் செயலும் மாறியது. வலியிலிருந்து விலகும் பாடத்தை வலி இல்லாமல், வெறும் தொடுதலை வைத்தே கற்கிறது!

வரைந்து முடித்ததும் தாளை மறைத்துவிட்டு இன்னொரு தாளில் ஒவ்வொன்றாக நீக்கி வரைந்து பாருங்கள்: சிஎன்பி இல்லையென்றால் எந்தக் கோடு இல்லாமல் போகும், என்ஜிஎஃப் இல்லையென்றால் எந்தக் கலரே இருக்காது, குட்டியின் தூக்கத் துடிப்பு இல்லையென்றால் எது அழியாமல் நிற்கக்கூடும் என்று. எங்கே பென்சில் தயங்குகிறதோ, அந்தப் பகுதிக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.