மஞ்சப்பையில் சுங்குடி எழுத்து

தாம்பூலப் பையில் அச்சடித்த எழுத்து நாலு துவைப்பில் உரிந்துவிடும். துணியை வெட்டித் தைத்த எழுத்து பை கிழிகிற வரை இருக்கும். அக்கா மகளுக்கு மஞ்சள் காடாத் துணியில் ‘மதுரை’ என்று தைத்துக் கொடுத்தேன். எழுத்துக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. பை தைக்க உங்களுக்குத் தெரியும், எழுத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரண்டு துணியையும் தனித்தனியாகத் துவைத்துவிடுங்கள். சுங்குடி சாயம் விடும். கஞ்சி இருந்தால் பசையும் பிடிக்காது.

அடுத்து ஃபியூசிங், அதாவது இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் பசைத் தாள். ஒரு பக்கம் காகிதம் இருக்கும், இரண்டு பக்கமும் ஒட்டும் ரகம் வேண்டும். விவரமாகக் கேட்காவிட்டால் சட்டைக் காலருக்குப் போடும் கேன்வாஸைத் தந்துவிடுவார்கள். அது ஒரு பக்கம்தான் ஒட்டும். மதுரையில் புது மண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, பழைய நினைப்பில் மண்டபத்து வாசலில் போய் நிற்காதீர்கள்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். எழுத்தைக் காகிதப் பக்கத்தில் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும், ஏனென்றால் அது சுங்குடித் துணியின் உள்பக்கத்தில் ஒட்டப்போகிறது. நான் சோதனைக்கு ‘ப’ வரைந்து வெட்டினேன், சரியாக வந்தது. ‘ப’வைத் திருப்பிப் போட்டாலும் ‘ப’தானே! அந்த தைரியத்தில் ‘மதுரை’யை நேராகவே வரைந்து வெட்டினேன். நாலு துண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டு நின்றன. முந்தானையில் ஒரு முழம் போச்சு. இப்போதெல்லாம் வெள்ளைத் தாளில் மார்க்கரால் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து அதன்மேல் வரைகிறேன். கோடு ஒரு விரல் தடிமன் இருக்கட்டும். ‘ரை’யின் சுழிகளுக்குள் இருக்கும் ஓட்டையைப் பெரிதாகவே விடுங்கள், இல்லாவிட்டால் தையலில் அடைந்துவிடும்.

வரைந்ததைச் சுற்றிக் கொஞ்சம் விட்டு வெட்டி, துணியின் உள்பக்கத்தில் வைத்து இஸ்திரி போடுங்கள். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். அப்புறம்தான் கோட்டின்மேல் வெட்டுவது. சூடு ஆறியபின் காகிதத்தை உரித்து, பையின் முன்பக்கத் துணியில் வைத்து மறுபடி அழுத்துங்கள். பையை மூட்டுவதற்கு முன்பே இதெல்லாம் முடிய வேண்டும்.

ஓரத்துக்கு நெருக்கமான ஜிக்ஜாக்: அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் 0.5. அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் துணி சுருங்காது, பிறகு கிழித்துவிடலாம். வெளி வளைவில் திரும்பும்போது ஊசி எழுத்துக்கு வெளிப்பக்கம் இறங்கியிருக்க, மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். உள் வளைவில் ஊசி எழுத்தின் மேல் இறங்கியிருக்க வேண்டும். கத்தரியைப் பொறுத்தவரை நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சின்னது, கூர்மையானது, துணிக்கு மட்டும் என்று ஒன்று.

பின்சேர்க்கை: பழைய கறுப்பு மெஷினில் ஜிக்ஜாக் இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கையால் காஜா தையல் போடுங்கள். எனக்கென்னவோ சுங்குடிக்கு அதுதான் இன்னும் எடுப்பு. ஏற்கெனவே தைத்த பை என்றால் ஒரு பக்க மூட்டைப் பிரித்துவிட்டு ஆரம்பியுங்கள்.