ஞானஸ்நானம் எடுத்தாச்சு, திங்கட்கிழமை என்ன செய்வது?

குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று சண்டே ஸ்கூலில் வளர்ந்தவர்களுக்கு இது இல்லை. இருபத்தைந்து வயதிலோ நாற்பதிலோ சொந்த முடிவாக இயேசுவை ஏற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கி எழுந்து, ஈரத்துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு, பூஜை அறை இருக்கிற அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். ஞானஸ்நானம் வரைக்கும் கூடவே வந்த சபை, அதற்கு மறுநாள் என்ன செய்வது என்று பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அன்றைக்கு எல்லோரும் உங்களிடம் சொல்லியிருக்கும் வசனம் 2 கொரிந்தியர் 5:17 ஆகத்தான் இருக்கும். கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின. சரி, ஆனால் திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் ஒருத்தர் காலை மிதித்தால் வருகிற கோபம் பழைய கோபமாகவே இருக்கும். உடனே "எனக்கு ஒன்றும் நடக்கவே இல்லையோ" என்று பயம் வரும், இல்லாவிட்டால் எல்லாம் மாறிவிட்டது போல நடிக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். அதே நிருபத்தில் ஒரு அதிகாரம் முன்னால், 4:16-ல், உள்ளான மனுஷன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுகிறான் என்று 5:17-ஐ எழுதிய அதே பவுல் அப்போஸ்தலன் எழுதியிருக்கிறார். இரண்டு வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நீங்கள் யாருக்குச் சொந்தம் என்பது முடிந்துபோன விஷயம், நாக்கும் கையும் அதற்குத் தகுந்தபடி மாற நாள் பிடிக்கும்.

அதனால் முதல் ஆறு மாதம் மேடை ஏறாதீர்கள். இதைச் சொன்னால் சில பாஸ்டர்களுக்குப் பிடிக்காது, ஏனென்றால் புதிதாக வந்தவர் சாட்சி சொன்னால் கூட்டம் உருகும். அடுத்த வாரம் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், அடுத்து யூடியூபில் போடுவார்கள், சாட்சி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், முன்னாடி நீங்கள் குடித்த குடியும் செய்த பாவமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். சபையை நடத்தும் கண்காணியாக வைக்கப்படுகிறவன் நூதன சீஷனாக, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக, இருக்கக்கூடாது, இறுமாப்பு வந்துவிடும் என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. பவுலே தமஸ்குவில் மாறின பிறகு அரபி தேசத்துக்குப் போய்விட்டு, மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்குப் பேதுருவைப் பார்க்கப் போனதாகக் கலாத்தியரில் எழுதுகிறார்.

வீட்டில் சொல்வது

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால் முதல் வேலை அதுதான். வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஞானஸ்நானப் படத்தைப் போட்டு, சித்தி அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணி, அம்மாவுக்கு அப்படித் தெரிய வருவதைவிட மோசமான வழி கிடையாது. நேரில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். அவர்கள் கும்பிடுவது தப்பு என்று தொடங்காதீர்கள். "நான் இயேசுவை நம்புறேன்மா, யாரும் காசு குடுத்தோ மிரட்டியோ மாத்தல, நான் உங்க பிள்ளைதான், எங்கயும் போகல" என்கிற அளவில் நிறுத்துங்கள். அவர்கள் மனதில் ஓடும் பயம் தேவன் யார் என்பதைப் பற்றியதாக இருக்காது. இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ, தங்கச்சிக்கு மாப்பிள்ளை கிடைக்குமா, நான் செத்தால் யார் கொள்ளி வைப்பது, இதுதான் ஓடும்.

சாமி படத்தைக் கழற்றுவது, விளக்கை ஊதி அணைப்பது, விபூதித் தட்டைத் தூக்கி எறிவது, இதையெல்லாம் வைராக்கியம் என்று சொல்லித் தருகிற ஆட்கள் உண்டு. அப்போஸ்தலர் 19-ஐப் படியுங்கள். எபேசுவில் தியானாள் கோயிலை வைத்துப் பெரிய கலவரம் நடக்கிறது, அங்கே நகரத்து அதிகாரி எழுந்து, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, நம் தேவியைத் தூஷித்தவர்களும் இல்லை என்கிறார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் பவுலின் கூட்டாளிகளுக்குக் கொடுத்த சாட்சி அது. உங்கள் தெருக்காரர் உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயம். ஒரே சமையலறை, ஒரே சட்டி, இதில் சிக்கல் வரத்தான் செய்யும். 1 கொரிந்தியர் 8-ம் அதிகாரமும் 10-ம் அதிகாரமும் இதற்காகவே எழுதப்பட்டவை போல இருக்கும். படையலில் பங்கெடுக்காதே, ஆனால் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் வைத்ததைச் சாப்பிடு, இது படைக்கப்பட்டது என்று அவரே சொன்னால் அவருடைய மனசாட்சிக்காகத் தவிர்த்துவிடு என்பது பவுலின் வழி. பிரசாதத்தை அம்மா நீட்டினால் "இது வேண்டாம்மா, சாதம் போடுங்க, பசிக்குது" என்று சொல்லிவிட்டு அதே இலையில் உட்கார்ந்து ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடுங்கள். தட்டையே தள்ளிவிட்டு எழுந்து போவதுதான் காயப்படுத்தும். பொங்கலைப் பொறுத்தவரை, கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் வளாகத்திலேயே பானை வைக்கிறார்கள், சில சபைகளில் அந்தப் பக்கமே போகாதே என்பார்கள். உங்கள் சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கரும்பு வாங்கிக் கொடுக்க, வீட்டுக்கு வெள்ளையடிக்க, அப்பாவுக்கு வேட்டி எடுக்க யாரும் தடை சொல்ல முடியாது.

கஷ்டமான இடம் சாவு வீடு. மூத்த மகன் விசுவாசியாகிவிட்டால், அப்பா காலமான அன்றைக்குச் சுடுகாட்டில் வைத்துச் சண்டை நடக்கும், நடந்திருக்கிறது. அதை அன்றைக்கு வரை தள்ளிப் போடாதீர்கள். அப்பா நன்றாக இருக்கும்போதே, முடிந்தால் அவரையும் வைத்துக்கொண்டு, தம்பியிடமோ சித்தப்பா மகனிடமோ பேசி, கொள்ளி வைக்கிறது யார், பதினாறாம் நாள் காரியம் யார் செய்வது என்று முடிவு பண்ணிவிடுங்கள். அப்புறம் மற்ற எல்லாவற்றிலும் முதல் ஆளாக நில்லுங்கள்: ஆஸ்பத்திரி பில், ஐஸ் பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு, பாடையில் தோள் கொடுப்பது. செலவில் உங்கள் பங்கு மற்றவர்களுடையதைவிட ஒரு ரூபாயாவது கூட இருக்கட்டும். சடங்கில் எதுவரை நிற்கலாம் என்று மனது குழம்பினால் 2 இராஜாக்கள் 5-ல் சீரியப் படைத்தலைவன் நாகமானைப் பாருங்கள். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை நம்பின பிறகு அவன் தீர்க்கதரிசி எலிசாவிடம், என் எஜமான் என் கைமேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிடுகிறார்.

புருஷனோ மனைவியோ நம்பவில்லை என்றால் 1 கொரிந்தியர் 7:12-13 நேரடியாகவே சொல்கிறது, கூட வாழச் சம்மதித்தால் விட்டுப் பிரியாதே. தாலியை ஒரே இரவில் கழற்றி வைப்பது, பூ வைப்பதில்லை என்று அறிவிப்பது, இதெல்லாம் புருஷனுக்கு வேறு அர்த்தத்தில் போய்ச் சேரும். பொட்டு, பூ, நகை விஷயத்தில் பெந்தெகொஸ்தே சபை ஒன்று சொல்லும், சி.எஸ்.ஐ. வேறு மாதிரி, கத்தோலிக்கர் இன்னொரு மாதிரி. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

பெயரும் சர்டிபிகேட்டும்

பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் கட்டளை இல்லை. அப்பொல்லோ, எப்பாப்பிரோதீத்து போன்ற பெயர்கள் கிரேக்கத் தெய்வங்களின் பெயரிலிருந்து வந்தவை, அப்படியே இருந்தார்கள். நம் பக்கத்திலேயே 1858-ல் ஞானஸ்நானம் எடுத்த கவிஞர் கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்பிரட் என்பதை முன்னால் சேர்த்துக்கொண்டாரே தவிர கிருஷ்ணனை விடவில்லை, தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் அவருக்கு ஈடாகச் சொல்ல ஆட்கள் குறைவு. மாற்ற விரும்பினால் மாற்றுங்கள், ஆனால் அரசிதழில் வெளியிட்டு, ஆதார், பான், பேங்க், பாஸ்போர்ட் என்று வரிசையாக மாற்றும் பொறுமை இருந்தால் மட்டும். சபையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று வருஷக்கணக்கில் ஓட்டுவது கடைசியில் பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷனில் வந்து நிற்கும்.

சாதிச் சான்றிதழ் அதைவிடப் பெரிய விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் ஆத்திரம். 1950-ன் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, முதலில் இந்துக்களும், 1956-க்குப் பிறகு சீக்கியர்களும், 1990-க்குப் பிறகு பௌத்தர்களும் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வர முடியும். கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாமியை மாற்றினால் தீண்டாமை போய்விடுகிறதா என்ன? இந்தச் சட்டம் தலித் கிறிஸ்தவர்களுக்கு அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தக் கேள்வியை ஆராய 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையமும் அமைத்தது. ஆனாலும் சட்டம் இருக்கிறபடி இருக்கிறது. விலை என்ன என்று தெரிந்து, ஒரு வக்கீலிடம் பேசி, கண் திறந்து முடிவெடுங்கள். இழக்க எதுவுமே இல்லாதவர் "விசுவாசம் இருந்தா போதும் பிரதர்" என்று சொன்னால் பொறுமையாகக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சாதியை என்ன செய்தீர்கள்?

கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்கிற கலாத்தியர் 3:28-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நடப்பில் எப்படி என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் என்ற ஊரே போதும். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் அந்த ஊரில்தான் ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் ஆனார். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினவர், 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் பிறகு சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்துப் பிரித்தார்கள், 1910-ல்தான் அதை இடித்தார்கள். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் தனித்தனி. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களைப் புரட்டினால் "ஆர்.சி." "சி.எஸ்.ஐ." என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே புது அடையாளம் உங்களுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க விரும்பினால் நகையையும் பொட்டையும் பார்க்காமல் இதைப் பாருங்கள்: யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள், உங்கள் சமையலறை வரைக்கும் யார் வரலாம், வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குத் தனி டம்ளரா, மகள் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி எது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். தனி டம்ளரை இன்றைக்கே எடுத்துவிடலாம், அதற்கு ஜெபக்குறிப்பு வேண்டியதில்லை. சபையைத் தேர்ந்தெடுக்கும்போதும் பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதற்கு முன்னால், யார் எங்கே உட்காருகிறார்கள், கமிட்டியில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காசு, மாத்திரை, பழைய பழக்கம்

வரி வசூலிக்கிற சகேயு வீட்டுக்கு இயேசு போன அன்றைக்கு அவன் பேசினது முழுக்கக் கணக்குதான், பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கினதற்கு நாலு மடங்கு. நீங்களும் ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கொடுக்காமல் இழுத்தடித்தது எது, ஆபீஸில் போட்ட பொய் பில் எது என்று எழுதுங்கள். சின்னக் கடனில் தொடங்கி அடையுங்கள். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு எட்டு மாத பாக்கியை நிறுத்திவிட்டு சபைக் கட்டட நிதிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அம்மாவின் மருந்துச் செலவை நிறுத்திக் காணிக்கை போடுவதும் வேண்டாம். மாற்கு 7-ல் கொர்பான், அதாவது இது தேவனுக்கான காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று படித்தாலே தெரியும்.

மாத்திரை: சர்க்கரை, பிரஷர், மனநலம், வலிப்பு, எதுவாக இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். ஜெபித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்கிற சபையிலிருந்து அன்றைக்கே வெளியே வாருங்கள். பவுலின் கூடவே லூக்கா என்ற வைத்தியர் இருந்தார், தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னதும் கைமருந்துதான்.

பழைய பழக்கம் திரும்ப வரும். குடி, சூதாட்ட ஆப், போனில் பார்க்கக்கூடாததைப் பார்ப்பது, எதுவோ. விழுந்தால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க ஓடாதீர்கள். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிக்கிறார் என்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. வாயைத் திறந்து ஒரே ஒருவரிடம், வம்பு பேசாத ஒரு ஆளிடம், சொல்லுங்கள். குடி முற்றியிருந்தால் உபவாச ஜெபத்தோடு மறுவாழ்வு சிகிச்சையும் வேண்டும்.

வேத வாசிப்பைச் சின்னதாகத் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், தினம் ஒன்று. காலையில் போனில் வருகிற வாக்குத்தத்த வசனம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டால், "உன்னை ஆசீர்வதிப்பேன்" தவிர வேறொன்றும் வேதத்தில் இருப்பதாகவே தெரியாமல் போய்விடும். ஜெபத்துக்குப் பெரிய வார்த்தைகள் தேவையில்லை, வீட்டில் பேசுகிற தமிழே போதும்.

கடைசியாக, "ஏன்டா மாறினே?" என்று ஆபீஸிலும் டீக்கடையிலும் கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே யோசித்து வையுங்கள், இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிரு என்கிறது, கூடவே சாந்தத்தோடும் வணக்கத்தோடும் என்கிறது. உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அவருடைய சாமியை இழுக்காதீர்கள், நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள், கையில் துண்டுப் பிரதியைத் திணிக்காதீர்கள். சொல்லி முடித்ததும் "உங்க பையன் பிளஸ் டூ ரிசல்ட் என்னாச்சு?" என்று கேளுங்கள். அவருக்கு இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தால் அவரே மறுபடி கேட்பார்.