பாஸ்வேர்டு போட்ட வைஃபையிலும் ஓட்டை: அடைப்பது எப்படி?

உங்கள் வைஃபை பாஸ்வேர்டு செல்போன் எண்ணா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் போனும் ரவுட்டரும் இணையும்போது நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். திருடன் ஒருவன் தெருவில் நின்று அவற்றைப் பதிவுசெய்துகொண்டால் போதும். அதன்பின் உங்கள் ரவுட்டரை நெருங்காமலே, ஒவ்வொரு பாஸ்வேர்டாகத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம். இந்தியச் செல்போன் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால், அதிகபட்சம் 400 கோடி. நல்ல கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 10 லட்சம் பார்த்துவிடும். ஒரு மணி நேரச் சொச்சத்தில் கதை முடிந்தது.

படி 1: லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் இணையுங்கள். வைஃபையிலேயே செய்தால் பாஸ்வேர்டை மாற்றியதும் இணைப்பு அறுந்துவிடும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடியுங்கள், இரண்டும் வராவிட்டால் ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

படி 2: டபிள்யூபிஎஸ் (WPS), அதாவது வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ ஒரு எண்ணாலோ இணையும் வசதியை அணையுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இது. அந்த வசதியின் ரகசிய எண்ணில் (PIN) 8 இலக்கம். 10 கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதியில் முதல் 4 சரியா, அடுத்த 3 சரியா என்று ரவுட்டர் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆக 10,000 + 1,000 = 11,000 முயற்சிதான். 2011-இல் வெளியான இந்த ஓட்டை வழியே நுழைந்தவருக்கு, எவ்வளவு கடினமான பாஸ்வேர்டும் தானாகக் கைக்கு வந்துவிடும். அணைத்தபின் ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2-AES) தேர்ந்தெடுங்கள், அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் இரண்டும் கலந்தது. டிகேஐபி (TKIP) என்ற பழைய பூட்டுமுறை வேண்டாம். அதைவிடப் பழைய டபிள்யூஇபி-யை (WEP) 2007-லேயே ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

படி 4: புதிய பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை போகலாம். அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி ஐந்து சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். சினிமா வசனம், பிள்ளை பெயரோடு பிறந்த வருடம் எல்லாம் யூகப் பட்டியலில் முதலில் இருப்பவை.

படி 5: ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரோடு போன், லேப்டாப்பையும் அப்டேட் செய்யுங்கள். 2017-இல் தெரியவந்த கிராக் (KRACK) என்ற டபிள்யூபிஏ2 தாக்குதல் பெரும்பாலும் இணையும் கருவியைத்தான் குறிவைத்தது.

வைஃபை பெயரை மறைப்பதும் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டலும் வீண்வேலை. இரண்டுமே காற்றில் வெளிப்படையாகத் தெரிபவை. பழைய டிவியோ பிரிண்டரோ இணைய மறுத்தால், முழு வீட்டுக்கும் பூட்டைத் தளர்த்தாதீர்கள். கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபை) டபிள்யூபிஏ2-இல் வைத்து, அதற்கென வேறு பாஸ்வேர்டு போட்டு அங்கே இணையுங்கள்.