பைப் புகையிலைக்கு ஜாடி வாங்கும் முன்

பைப் புகைப்பவர்கள் இலையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட அதை வைக்கும் பாத்திரத்தில் காட்டுவதில்லை. வர்ஜீனியாவா, பர்லியா, லட்டாக்கியா கலந்ததா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். வாங்கி வந்த பிறகு கைக்குக் கிடைத்த டப்பாவில் போட்டு அலமாரியில் தள்ளிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அது சருகாகக் கிடக்கும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்திருக்கும். பழி என்னவோ புகையிலைக்காரன் மேல்தான் விழும்.

நல்ல பதத்தில் உள்ள புகையிலையை விரல்களுக்கிடையில் அழுத்தினால் மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வரும். கட்டியாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. மூடிய ஜாடிக்குள் காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65 சதவீதம் வரை இருந்தால் இந்தப் பதம் நிற்கும். கடையிலிருந்து வந்த ஈரத்தையும் மணத்தையும் அப்படியே உள்ளே நிறுத்தி வைப்பதுதான் பாத்திரத்தின் வேலை. தன் பங்குக்கு அது எதையும் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் வருபவை.

முதலாவது, சுருட்டுப் பெட்டி. பளபளக்கும் மரப்பெட்டி, உள்ளே ஈரமானி, பித்தளைப் பூட்டு. பரிசாகக் கொடுக்க மிக அழகான பொருள். ஆனால் அது சுருட்டுக்காகச் செய்யப்பட்டது. சுருட்டை 70 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் வைப்பது நெடுநாள் வழக்கம். பைப் புகையிலைக்கு அது கூடுதல், பூசணத்துக்கு வாசற்படி. பெட்டியின் உட்புறத்தில் வைக்கும் ஸ்பானிஷ் சிடார் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அது தன் மணத்தை இலைக்குக் கொடுக்கும், இலையின் ஈரத்தைத் தான் உறிஞ்சும். சுருட்டுக்கு அந்த மணம் உகந்தது. வெண்ணிலா மணம் ஏற்றிய கலவையையோ வர்ஜீனியாவையோ அதில் வைத்தால் சில வாரங்களில் எல்லாம் மரப்பெட்டி வாசனைதான்.

பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஜாடிகள் மேல் எனக்கும் ஆசை உண்டு. 18ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் நீல வெள்ளை டெல்ஃப்ட் ஜாடி, தலையில் பித்தளை மூடியோடு, கண்ணைப் பறிக்கும். மேசை மேல் வைத்துப் பார்க்கலாம். அந்த மூடி காற்றைத் தடுக்காது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஈயத்தால் செய்த புகையிலைப் பெட்டிகள் பரவலாக இருந்தன. மரப்பெட்டிக்குள் ஈயத்தகடு அடித்துக் கொடுப்பதும் உண்டு. ஈயம் ஈரத்தைக் காக்கும் என்பது உண்மைதான். அது நஞ்சு என்பதும் உண்மை. உட்புறம் மங்கிய சாம்பல் நிறமாக இருந்து, தூக்கினால் எதிர்பாராத கனம் தெரிந்தால், அதில் எதையும் போடாதீர்கள்.

அடுத்தது, வாங்கிய டின்னிலேயே விட்டுவிடுவது. இதில் இரண்டு தவறுகள் கலந்திருக்கின்றன. திறக்காத டின் எதுவானாலும் பல ஆண்டுகள் தாங்கும் என்று நம்புவது ஒன்று. திறந்த டின்னையும் மூடி வைத்தால் போதும் என்று நினைப்பது மற்றொன்று. வெற்றிடமாக்கி மூடிய டின்னைத் திறக்க நாணயத்தை விளிம்பில் நுழைத்துத் திருப்பும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறதல்லவா, அதுவரைதான் அந்த டின் காற்றுப்புகாத பாத்திரம். அதன்பின் அது வெறும் தகரம். ஓரிரு வாரத்தில் முடித்துவிடுபவருக்குக் கவலையில்லை, மற்றவர்களுக்கு உண்டு.

திறக்காத டின்னிலும் சதுர வடிவமானவை கொஞ்சம் சந்தேகத்துக்குரியவை. வட்ட மூடியில் அழுத்தம் சுற்றிலும் ஒரே சீராக விழும். சதுரத்தில் மூலைகள் பலவீனம். கீழே விழுந்து ஒரு மூலை நசுங்கினாலே வெற்றிடம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூடியை இரண்டு விரலால் பிடித்து இலேசாகத் தூக்கிப் பாருங்கள். அசைந்தால் அன்றே திறந்து ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். துரு இன்னொரு தொல்லை. உட்பூச்சு எங்காவது கீறியிருந்தால் இலையின் ஈரம் தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும். முதலில் உள் அடிப்பகுதியில் மிளகளவு பழுப்புப் புள்ளி தோன்றும். பிறகு அதன் நடுவில் ஊசித்துளை விழும். அந்தத் துளை போதும், உள்ளே இருப்பது காய்ந்துபோக. பத்து ஆண்டு வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் டின்களை அவ்வப்போது வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது நல்லது.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெரிய ஜாடியிலிருந்து அவுன்ஸ் கணக்கில் நிறுத்துத் தரும் கடைகள் அதில்தான் போட்டுத் தருகின்றன. வீட்டுக்குக் கொண்டுவர அது சரி. ஆனால் மெல்லிய பாலித்தீன் வழியாக ஈரமும் மணமும் மெல்ல வெளியேறும். பையை மூடியபிறகும் அலமாரி மணக்கிறது என்றால், மணம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள்.

சமையலறையில் காலியான பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொள்வதும் பரவலான பழக்கம். கண்ணாடியைக் கழுவினால் சுத்தமாகிவிடும், அதில் குறையில்லை. மூடியின் உட்புறத்தில் இருக்கும் மெத்தென்ற பூச்சுதான் சிக்கல். பூண்டு ஊறுகாயை ஆறு மாதம் தாங்கிய மூடியை எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் முகர்ந்தால் பூண்டுதான். புகையிலைக்குள்ளும் இதே கதை உண்டு. புகையூட்டிப் பதப்படுத்தும் லட்டாக்கியாவும், இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் செய்யும் பூ மணம் ஏற்றிய லேக்லாந்து வகைகளும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் விடவே விடாது. அவற்றுக்கென்று ஜாடியை ஒதுக்கிவிடுங்கள். குறைந்தது மூடியையாவது மாற்றுங்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஜான் லாண்டிஸ் மேசன் 1858இல் காப்புரிமை பெற்ற திருகுமறைக் கண்ணாடி ஜாடியின் வழிவந்ததை, இரண்டு பகுதி மூடியோடு வாங்கினால் போதும். தட்டையான தகட்டின் விளிம்பில் ரப்பர் போன்ற பூச்சு, அதை இறுக்க ஒரு வளையம், அவ்வளவுதான். ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் கொண்ட ஐரோப்பிய ஜாடிகளும் நல்லவையே. ரப்பர் வெடிக்காமல் நெகிழ்வாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாடி சரியாக அமைந்தாலும் அளவில் பலர் கோட்டை விடுகிறார்கள். அரைக்கிலோ வாங்கினால் அரைக்கிலோ பிடிக்கும் ஜாடி என்று கணக்குப் போடுவது இயல்பு. ஆனால் பெரிய ஜாடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுச் சரக்கும் மூச்சுவிடுகிறது. இலை குறையக் குறைய உள்ளே வெற்றுக்காற்று கூடுகிறது. சுமார் 240 மில்லி பிடிக்கும் சிறிய ஜாடியில் 50 முதல் 57 கிராம், அதாவது ஒரு டின் அளவு, அடங்கும். அதன் இரட்டிப்பு அளவுள்ளதில் 100 கிராமுக்குச் சற்று மேல் போகும். சிறிய ஜாடிகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் மற்றவை தொந்தரவில்லாமல் கிடக்கும். தோள்பட்டை வரை நிரப்புங்கள், ஆனால் திணிக்காதீர்கள். வர்ஜீனியா இலையின் இனிப்பு நாள்பட நாள்பட முதிர்வதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும். அதனால்தான் காற்றை உறிஞ்சும் இயந்திரங்களை வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை; பையில் போட்டு உறிஞ்சினால் இலை பலகைபோல் இறுகியும் போகிறது.

ஜாடியைக் கொதிநீரில் வைத்து, ஊறுகாய்க்குச் செய்வதுபோல் மூடியை இறுக வைப்போரும் உண்டு. இலை வெந்து நறுமண எண்ணெய் பறந்துவிடும். காலி ஜாடியை வெந்நீரில் கழுவி, ஒரு சொட்டு நீர் இல்லாமல் உலரவிட்டு, பிறகு நிரப்பினால் போதும்.

காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடுவது பாட்டன் காலத்து வைத்தியம். அது ஈரத்தோடு பூசணத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். ஈரப்பதம் காக்கும் சிறு பைகள் இப்போது கிடைக்கின்றன. இறுக மூடும் ஜாடிக்கு அவையும் அநாவசியம். அதிலும் மணமேற்றிய கலவைகளில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சில வகைகள் கையில் பிசுபிசுக்கும் அளவு ஈரத்தோடு வரும். அவற்றைத் தாளில் பரப்பிச் சிறிது உலர்த்திவிட்டுத்தான் ஜாடியில் போட வேண்டும்.

ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது தகடுபோல் அழுத்தி வெட்டிய இலையின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தால் உடனே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் சர்க்கரைத் துகள்போல் மின்னுகிறதா, இலையோடு ஒட்டிக் கிடக்கிறதா? அது முதிர்ச்சியில் தோன்றும் படிகம். பஞ்சுபோல் நீட்டிக்கொண்டு, ஈரமண் வாடை அடித்தால் பூசணம். அந்த ஜாடியில் மேலாக இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

கண்ணாடி ஜாடியின் ஒரே குறை, அது ஒளியை விடும். ஜன்னலோரத்தில் அடுக்கினால் பார்க்க அழகு. இலை வெளிறிவிடும், சூடு ஏறி இறங்கும். மூடிய அலமாரியில் வையுங்கள். அந்த அலமாரிக்குப் பூட்டு இருப்பது இன்னும் நல்லது. செர்ரி, சாக்லேட், வெண்ணிலா மணக்கும் பழுப்புத் துண்டுகள் ஒரு கண்ணாடி ஜாடியில் இருந்தால் குழந்தைக்கு அது மிட்டாய்தான். நிக்கோட்டினைச் சின்ன வயிறு தாங்காது, வீட்டு நாயும் தாங்காது. புகைப்பதன் கேடு பெரியவர் தானாக ஏற்றுக்கொண்டது, அவர்கள் ஏற்றுக்கொண்டதல்ல. பிஸ்கட் டின்னில் புகையிலை வைப்பதைத் தவறு என்பதோடு நிறுத்தாமல், கூடாது என்றே சொல்வேன்.

கடைசியாக, லேபிள். கலவையின் பெயரையும் ஜாடியில் போட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். அதை மூடியில் ஒட்டாமல் கண்ணாடியில் ஒட்டுங்கள். நாலு ஜாடியை ஒரே நேரத்தில் கழுவிக் கவிழ்த்தால் எந்த மூடி எதற்கு என்பது யாருக்கும் நினைவிருக்காது.