பாரிஸில் 'மெனு' சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்குப் பிரெஞ்சில் 'கார்த்' என்று பெயர். அங்கே 'மெனு' என்றால் ஒரே விலைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முழுச் சாப்பாடு. அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் 'கார்த்' என்றுதான் கேட்க வேண்டும். இன்னொன்று, 'ஆந்த்ரே'. அமெரிக்காவில் அது முக்கிய உணவு. பிரான்ஸில் முதலில் வரும் சிறு தட்டு. முக்கிய உணவுக்கு அங்கே 'பிளா' என்று பெயர்.

விலை ஒன்றுதான் என்பதால் செலவும் அதோடு முடிந்துவிடும் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அந்த விலை பெரும்பாலும் உணவுக்கு மட்டும். உட்கார்ந்ததும் பணியாளர் புன்னகையோடு வந்து, "ஷாம்பெய்ன் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்பார். உபசரிப்பு என்று நினைத்து நான்கு பேரும் தலையாட்டினால், சாப்பாடு தொடங்கும் முன்பே கணக்கு நூறு யூரோ வரை ஏறிவிடலாம். தண்ணீரும் அப்படித்தான். "சாதாவா, கேஸ் உள்ளதா?" என்று கேட்டால் இரண்டுமே விலைக்கு விற்கும் பாட்டில்கள். குழாய்த் தண்ணீர் போதுமென்றால் 'கராஃப் தோ' என்று கேளுங்கள். சாப்பிட வந்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். சில உணவுகளுக்குப் பக்கத்தில் 'சுப்ளெமா' என்று ஒரு தொகை இருக்கும். ட்ரஃபிள் எனும் அரிய காளான், லாப்ஸ்டர் போன்றவற்றுக்கான கூடுதல் விலை அது. காபியும் பல இடங்களில் தனிக் கணக்கு.

அதே சமயம், இலவசமாக வருவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். கேட்காமலே முதலில் வரும் ஒரு வாய் அளவு 'அம்யூஸ் பூஷ்', ரொட்டி, காபியோடு வரும் குட்டி இனிப்புகள் எதற்கும் காசில்லை. ஆனால் ரொட்டியும் வெண்ணெயும் அருமையாக இருக்கிறதே என்று முதலிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால், ஏழாவது தட்டு வரும்போது ஆசையே போய்விடும்.

சைவர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்கிறார்கள். பிரெஞ்சுச் சமையலின் அடித்தளமே எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு. வெங்காய சூப்பில்கூட வழக்கமாக மாட்டிறைச்சிச் சாறுதான் சேரும். காலையிலேயே தயாரான சாஸை இரவில் மாற்ற முடியாது. ஆகவே முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். வெறுமனே 'சைவம்' என்று எழுதாமல், "இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு, ஜெலட்டின் வேண்டாம்" என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சீஸிலும் கவனம் வேண்டும். கோம்தே, ரோக்ஃபோர் போன்ற பாரம்பரியச் சீஸ்கள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் பாலைத் திரித்துச் செய்யப்படுபவை. முன்கூட்டித் தெரிந்தால் நல்ல சமையலறை உங்களுக்கென்றே அழகாகச் சமைத்துத் தரும். சமையல் கலைஞர் ஆலன் பஸ்ஸார் பாரிஸில் உள்ள தன் 'லார்பேஜ்' உணவகத்தில் 2001-லேயே சிவப்பு இறைச்சியை நிறுத்திக் காய்கறிகளை நடுவில் வைத்தவர். மிஷலின் உணவக வழிகாட்டி தரும் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன.

பல சிறு தட்டுகளாக வரும் பெரிய சுவை மெனுவில் (டேஸ்டிங் மெனு) 'மேசையில் உள்ள அனைவருக்கும்' என்ற குறிப்பு இருக்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டால் மறுப்பார்கள். அது பிடிவாதம் இல்லை. ஒரு மேசைக்கான எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் சூடாக வெளியே வர வேண்டும் என்று கணக்கிட்டு அங்கே சமைக்கிறார்கள். இதனால்தான் தட்டு வரும் நேரத்தில் போன் பேச எழுந்து போவதும் அவர்களைத் திணற வைக்கும். இரவு விருந்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றிரவே ரயில் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மதிய மெனு. அதே சமையலறை, அதே கைகள். பல இடங்களில் இரவு விலையில் பாதிதான் ஆகும். பெரும்பாலும் வார நாட்களில் மட்டும் கிடைக்கும். வர முடியாமல் போனால் கெடுவுக்குள் ரத்து செய்துவிடுங்கள். முன்பதிவில் கொடுத்த கார்டிலிருந்து பணம் பிடிக்கும் உணவகங்கள் நிறைய.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லுங்கள், இரவென்றால் 'போன்சுவார்'. பணியாளரை 'கர்ஸோன்' என்று கூப்பிட வேண்டாம், அது 'டேய் தம்பி' என்பது போல ஒலிக்கும். சீஸ் இனிப்புக்கு முன்பு வரும், காபி இனிப்புக்குப் பிறகு. நடுவில் காபி கேட்டால் சாப்பாடு முடிந்தது என்று நினைப்பார்கள்.

எல்லாம் முடிந்து அரை மணி ஆகியும் பில் வரவில்லையே என்று கோபப்பட வேண்டாம். கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே விருந்தாளியை எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். 'லதிசியோன், சில் வூ ப்ளே' (தயவுசெய்து பில் கொடுங்கள்) என்றால் வரும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், சட்டமே அப்படி. அதற்கு மேல் பதினைந்து, இருபது சதவீதம் வைக்கத் தேவையில்லை. மனம் நிறைந்திருந்தால் விரும்பியதை வைத்துவிட்டு வரலாம்.